மந்தம் என்ற சொல்லும் தனபாக்கியமும்

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"நீங்க என்னென்ன பார்த்தீங்க? முதல்லேருந்து சொல்லுங்க."

கேள்வி என் மனைவிக்கு. தனபாக்கியத்தின் மடியில் எங்கள் மூன்றரை மாதக் குழந்தை சுகுணா கிடந்தாள். தூங்குகிறாளா விழித்திருக்கிறாளா என்று சட்டெனச் சொல்ல முடியாத ஒரு நிலை. மேசைமேல் கண்ணாடிக் குடுவையில் பஞ்சு. அறை முழுக்க ஸ்பிரிட் வாசனை. சன்னலுக்கு வெளியே ஒரு ஜட்கா வண்டிக் குதிரை காலை மாற்றி மாற்றி வைத்து நின்றது.

தனபாக்கியம் பேசவில்லை. குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். அதன் உள்ளங்காலைப் பிடித்துப் பார்த்தாள். மறுபடியும் முகத்தைப் பார்த்தாள். அறைக்கு வெளியே பெஞ்சியில் பத்துப் பதினைந்து பேர் காத்திருந்தார்கள். எனக்குக் காதுமடல் சூடேறியது. கல்யாணமான நாளிலிருந்து நான் எத்தனையோ பேர் முன்னால் சகித்துக்கொண்ட மௌனம் அது.

"அது வந்து டாக்டர், அவ கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பாமலே கையை உயர்த்தினார். "அவங்க சொல்லட்டும்."

நான் சொல்ல வந்து விழுங்கிய சொல் 'மந்தம்'.

ஒரு வாசகரின் கேள்வி

அச்சகத்தில் பிழை திருத்துபவனாக நான் வேலை பார்த்ததைச் சில வாரங்களுக்கு முன் இந்தப் பக்கங்களில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார்: அத்தனை ஆண்டுகள் சொற்களோடு மாரடித்தீர்களே, உங்களால் மறக்க முடியாத ஒரு சொல் எது?

ஏதாவது அழகான சொல்லை அவர் எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும்.

எங்கள் அச்சகம் மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் இருந்தது. ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே சேர்ந்தேன். பஞ்சாங்கம், கல்யாணப் பத்திரிகை, நாடக நோட்டீசு, மருந்துச் சீட்டு என்று எது வந்தாலும் அடிப்போம். அத்தனையிலும் இந்தச் சொல் ஏதாவது ஒரு வேடத்தில் வந்து நிற்கும்.

பஞ்சாங்கத்தில் சனிக்கிழமைக்கு மந்தவாரம் என்று பெயர். சனி கிரகம் மற்ற கிரகங்களைவிட மெதுவாக நகர்வதால் அதற்கு மந்தன் என்றே ஒரு பெயர் உண்டு. லேகியப் புட்டிக்கு ஒட்டும் காகிதத்தில் 'வயிற்று மந்தம் நீங்கும்' என்று வரும். மண்டிக்காரர்களின் சுற்றறிக்கையில் வியாபாரம் மந்தமாக இருக்கும். அதே நாளில் கல்யாண வாழ்த்து மடலில் மந்தமாருதம் வீசும்; மணமகள் மந்தகாசம் புரிவாள். வயிற்றில் இருந்தால் நோய். காற்றில் இருந்தால் சுகம். உதட்டில் இருந்தால் அழகு.

எழுத்துக் கோக்கும் பிரிவுக்குத் தலைவர் காசிம் பாய். இயந்திரத்தின் பக்கத்திலேயே காலம் கழித்ததில் அவருடைய இடது காது பழுதாகிவிட்டது. நான் இடப்பக்கம் நின்று பேசினால் தோளைப் பிடித்து வலப்பக்கம் இழுத்து நிறுத்திக்கொள்வார். "அந்தக் காது மந்தம் தம்பி, இந்தப் பக்கம் வாங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவருக்கு ஒரு கூச்சமும் இருக்காது.

ஸ்ரீரங்கத்தில் நாங்கள் குடியிருந்த தெரு வழியாகக் காலையில் கோயில் யானை தண்ணீர்க் குடம் சுமந்து வரும். அவசரமே கிடையாது. பக்கத்து வீட்டுப் பெரியவர் கைகூப்பியபடி, "மந்தகதியில என்ன கம்பீரமா வர்றது, ஸேவிச்சுக்கோங்கோ" என்பார். அவர் வாயில் அந்தச் சொல் பிரசாதம் மாதிரி இருக்கும். அதே நேரத்தில் எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து என் அக்காவின் குரல் கேட்கும்.

"ஏ மந்தம், அந்தக் கரண்டியை எடுன்னு எப்ப சொன்னேன்?"

துறையூரிலிருந்து வந்தவள்

தனபாக்கியம் துறையூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பெண் பார்க்கப் போனபோது என் அக்கா ருக்மணி அவளிடம் பெயர் கேட்டாள். பதில் வரத் தாமதமானதும் பெண் கூச்சப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தோம். கல்யாணமாகி வந்த பிறகுதான் தெரிந்தது, கூச்சமில்லை, அவளுக்கு எதற்கும் நேரம் வேண்டும்.

அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தால் ஒவ்வொரு மணியையும் குசலம் விசாரிப்பது போல இருக்கும். அவள் சாப்பிட்டு எழுந்திருக்கும்போது எங்கள் கையெல்லாம் காய்ந்து ஒரு நாழிகை ஆகியிருக்கும். ஒரு கேள்வி கேட்டால், கேள்வி உள்ளே போய், அங்கே யாரையோ எழுப்பி, பதிலைக் கையில் வாங்கிக்கொண்டு திரும்பி வர வேண்டும். அதற்குள் கேட்டவர் வேறு வேலை பார்க்கப் போயிருப்பார்.

அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறு வயதிலேயே கணவனை இழந்து வந்தவள். அம்மா போன பிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவள். அவள் கை ஓய்ந்து நான் பார்த்ததில்லை. நடப்பதே ஓட்டம்தான். அவளுக்கு அடுத்தவர் நிதானம் கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்தும். வந்த ஒரே மாதத்தில் தனபாக்கியத்துக்கு 'மந்தம்' என்று பெயர் வைத்தாள். கொடுமைக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். தனபாக்கியத்துக்குக் காய்ச்சல் கண்டபோது மூன்று நாள் பக்கத்திலேயே உட்கார்ந்து கஞ்சி ஊட்டியவளும் அவள்தான். ஊட்டும்போதும், "வாயைத் திற மந்தம்" என்றுதான் ஊட்டினாள்.

நான் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டவர்களைத் தடுத்ததும் இல்லை.

அழாத குழந்தை

பிரசவத்துக்குத் துறையூர் போனவள் மூன்றாம் மாதம் முடியும்போது குழந்தையோடு வந்தாள். வந்த அன்றே தெருவுக்குச் சுகுணாவைப் பிடித்துப்போயிற்று. அழவே மாட்டாள். படுக்க வைத்த இடத்தில் படுத்திருப்பாள். பசி என்று கத்த மாட்டாள். பிள்ளை பெற்ற வீடா இது என்று வருகிறவர்கள் வியப்பார்கள். எதிர்வீட்டுப் பிள்ளை அதே மாதத்தில் பிறந்தது. அது போடுகிற கூச்சலில் தெருவே விழித்திருக்கும்.

சில சமயம் நாக்கு நுனி வெளியே தெரியும். "அழகு காட்டுறா பாரு" என்பாள் அக்கா. தொப்புள் சற்று புடைத்திருந்தது. நாளானால் உள்ளே போய்விடும் என்றார்கள். நான்கு நாளுக்கு ஒரு தரம்தான் வயிறு போகும். அதற்கு ஒரு நாட்டு வைத்தியர் வந்து பார்த்து, செரியாமையால் வரும் மாந்தம் என்று சொல்லி உரை மருந்து கொடுத்தார். கல்லில் உரைத்து நாக்கில் தடவினோம்.

தனபாக்கியம் மட்டும் மகிழவில்லை. வேலைக்கு நடுவில் வந்து குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாள். அடுப்பில் குழம்பு தீயும். அக்கா சத்தம் போடுவாள். போய் இறக்கி வைத்துவிட்டு மறுபடி வந்து உட்கார்வாள்.

ஒரு நாள் மாலை நான் வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அவள் அருகில் வந்து நின்றாள். சொல்ல ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

"என்ன?" என்றேன்.

"இது வயித்து மந்தம் இல்லீங்க. நானும் மெதுவாத்தான் இருப்பேன். ஆனா உள்ளுக்குள்ள முழிச்சிக்கிட்டு இருப்பேன். இவ முழிக்கலை."

அவள் அதுவரை என்னிடம் பேசியவற்றில் அதுவே மிக நீளமான பேச்சாக இருக்கலாம். நான் அதைக் கேட்ட லட்சணத்தை இங்கே எழுதத்தான் வேண்டும். அன்று ஒரு பஞ்சாங்கப் படிவத்தில் பிழை விட்டதற்காக முதலாளியிடம் பேச்சு வாங்கியிருந்தேன். அந்தக் கோபம் உள்ளே கிடந்தது.

"உன் வயித்துல பிறந்தது உன்னை மாதிரித்தானே இருக்கும்? மந்தத்துக்கு மந்தம்தான் பிறக்கும்" என்றேன்.

அவள் முகம் மாறவில்லை. என் சட்டையை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு உள்ளே போனாள்.

அச்சகத்து வாசலில்

அதற்கு மூன்றாம் நாள், பகல் பதினொரு மணி இருக்கும். இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. காசிம் பாய் என் மேசைக்கு வந்து வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

தனபாக்கியம் நின்றிருந்தாள். தோளில் குழந்தை. நெற்றியில் வியர்வை. காலில் செருப்பில்லை.

அவள் ஸ்ரீரங்கத்தை விட்டுத் தனியாக வெளியே வந்ததே இல்லை. கோயிலுக்குப் போனாலும் அக்கா முன்னால் நடப்பாள், இவள் பின்னால் வருவாள். அச்சகம் எங்கே இருக்கிறது என்று நான் சொன்னதில்லை; மலைக்கோட்டைப் பக்கம் என்று மட்டும் பேச்சுவாக்கில் அவள் காதில் விழுந்திருக்கும். அக்கா சந்தைக்குக் கிளம்பியதும் இவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறியிருக்கிறாள். எங்கே இறங்க வேண்டும் என்று தெரியாமல், மலைக்கோட்டை கண்ணுக்கு முன்னால் பெரிதாக வந்த இடத்தில் இறங்கி, அங்கிருந்து ஒவ்வொரு கடையாக நின்று, இங்கே பஞ்சாங்கம் அடிக்கிற அச்சாபீஸ் எங்கே என்று கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள்.

நான் வாசலுக்குப் போய், "என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலை. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

இந்த ஒரு முறை பதில் தாமதிக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது வெட்கம்தான். உள்ளே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லித் திருப்பி அனுப்ப வாயெடுத்தேன். அதற்குள் காசிம் பாய் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு அவளை உட்கார வைத்துவிட்டார். குழந்தையின் கன்னத்தில் மையில்லாத ஒரு விரலால் மெல்லத் தொட்டார். தொட்ட விரலை உடனே எடுக்கவில்லை.

"பச்சப்புள்ள உடம்பு இந்த வெயில்ல இவ்வளவு ஜில்லுன்னு இருக்கே" என்றார்.

தம் மகளுக்கு வைத்தியம் பார்த்த ஒரு டாக்டரம்மாவைப் பற்றிச் சொன்னார். பல ஊர் ஆஸ்பத்திரிகளில் இருந்துவிட்டுத் தில்லை நகர்ப் பக்கம் சொந்தமாக வைத்தியசாலை வைத்திருப்பவர். அப்போது தில்லை நகர் மனை மனையாகக் கல் நட்டுக் கிடந்தது. நாலைந்து வீடுகள்தாம் எழும்பியிருந்தன. முதலாளியிடம் தாம் சொல்லிக்கொள்வதாகக் கூறி, ஜட்காவுக்கும் அவரே ஆள் அனுப்பினார்.

ஜட்காவில் ஏறினோம். குழந்தை குதிரைச் சத்தத்துக்கும் வண்டிக் குலுங்கலுக்கும் அசையாமல் கிடந்தது. அப்போதுதான் நான் முதல்முறையாக அதைப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். அதுவரை ஒரு நல்ல குழந்தையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் சொன்னது

ஆரம்பித்த இடத்துக்கு வருகிறேன். டாக்டரம்மா கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். பிறகு தனபாக்கியம் பேசத் தொடங்கினாள்.

அவளுக்குத் தேதி தெரியாது. துறையூர்ச் சந்தை நாளை வைத்துச் சொன்னாள். பிறந்தபோது நல்ல எடை என்று மருத்துவச்சி சொன்னாள். முதல் சந்தைக்குள் உடம்பு மஞ்சள் பூத்தது. மற்றக் குழந்தைகளுக்கு ஒரு வாரத்தில் இறங்குகிற மஞ்சள் இவளுக்கு மூன்றாவது சந்தைவரை இறங்கவில்லை. பால் குடிக்க ஆரம்பித்து நாலு வாய் இழுத்ததும் தூங்கிவிடுவாள். கன்னத்தைத் தட்டி எழுப்ப வேண்டும். ஒரு வேளைப் பாலுக்கு ஒரு மணி நேரம் ஆகும். நாக்கு நாளுக்கு நாள் தடித்து வருகிறது. பிறந்தபோது தலையில் இருந்த மயிர் வழவழப்பாக இருந்தது, இப்போது தேங்காய் நார் போலக் கரகரக்கிறது. குளிப்பாட்டி வெயிலில் போட்டாலும் கால் சூடேறுவதில்லை. வியர்ப்பதும் இல்லை.

"அழும்போது சத்தம் தொண்டையோட நின்னுடுதுங்க. நெஞ்சுலேருந்து வரலை" என்றாள்.

சற்று நிறுத்தினாள். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை.

"என்னைப் பார்த்து இன்னும் சிரிக்கலை. சிரிச்சதா எல்லாரும் சொன்னாங்க. நான் பார்க்கலை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிழை கண்டுபிடிப்பது என் தொழில். ஒரு எழுத்தின் கால் உடைந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது என்று பெயர் வாங்கியவன். என் வீட்டில், என் கண் முன்னால் கிடந்த குழந்தையிடம் இதில் ஒன்றைக்கூட நான் கவனித்திருக்கவில்லை. அவள் மூன்றரை மாதமாக, அவசரமில்லாமல், ஒன்று விடாமல், யாரும் கேட்காதபோதும் பார்த்து வைத்திருந்தாள். ஏழாவது வகுப்பைத் தாண்டாத பெண்.

டாக்டரம்மா எழுந்து வந்து தரையில் மண்டியிட்டார். அவள் மடியில் வைத்தபடியே குழந்தையின் கழுத்தைத் தடவினார், நாக்கைப் பார்த்தார், தொப்புளை அழுத்தினார், பாதத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். குரல்வளைக்குக் கீழே ஒரு சுரப்பி உண்டு. அதிலிருந்து சுரப்பதுதான் உடம்புக்கு ஓட்டம் கொடுக்கிறது. இந்தக் குழந்தைக்கு அது வேலை செய்யவில்லை என்று தோன்றுகிறது. அப்படியே விட்டால் உடம்பும் வளராது, அறிவும் வளராது.

"இந்த மாதிரி ரெண்டு பிள்ளைங்களைப் பார்த்திருக்கேன். ஒண்ணு நாலு வயசுல வந்துச்சு. இன்னொண்ணு பதினோரு வயசுல. ரெண்டுக்கும் நான் பெரிசா ஒண்ணும் செய்ய முடியலை. மூணரை மாசத்துல எங்கிட்ட யாரும் கொண்டாந்ததில்லை."

மாத்திரை உண்டு என்றார். ஆயுள் முழுக்க, ஒரு நாள் தவறாமல் கொடுக்க வேண்டும். போன மூன்றரை மாதத்தில் எவ்வளவு கெட்டிருக்கிறது, எவ்வளவு திரும்பி வரும் என்று தம்மால் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

தனபாக்கியம் எல்லாவற்றையும் கேட்டாள். வெகுநேரம் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காலையில கொடுக்கணுமா, சாயங்காலமாங்க?"

சொம்பு விழுந்த சத்தம்

மாத்திரை பெரிய கடை வீதி மருந்துக் கடையில் இல்லை. மதராசிலிருந்து வரவழைத்தார்கள். அது வந்து சேர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் தனபாக்கியம் தூங்கியதாக எனக்கு நினைவில்லை.

ஒரு மாத்திரையை நான்காக உடைத்து, ஒரு துண்டை நுணுக்கி, தாய்ப்பாலில் கரைத்துப் பாலாடையில் புகட்ட வேண்டும். அளவு மிஞ்சினால் குழந்தையின் நெஞ்சு படபடவென்று அடிக்கும், அதைக் கவனிக்க வேண்டும் என்று டாக்டரம்மா எச்சரித்திருந்தார். என் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். நொடி முள்ளைப் பார்க்கக் கற்றுக்கொண்டாள். காலையும் மாலையும் குழந்தையின் மார்பில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு, உதடு அசைய எண்ணிக்கொண்டிருப்பாள். அந்த நேரத்தில் வீடு இடிந்து விழுந்தாலும் அவள் திரும்ப மாட்டாள்.

அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. நல்லபடியாகக் கிடந்த பிள்ளைக்கு இல்லாத நோயை இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுக்கிறார்களே என்று புலம்பினாள். தன்னிடம் சொல்லாமல் பஸ் ஏறியது அவளுக்கு ஆறாத புண். தனபாக்கியத்தோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எந்நேரமும் வீட்டில் ஒலித்துக்கொண்டிருந்த 'மந்தம்' அதோடு நின்றது. வீடு அமைதியானது. அந்த அமைதி நன்றாக இல்லை.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான் நம்பிக்கை இழந்தேன். தனபாக்கியம் ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டுக் குழந்தையின் பாதத்தைத் தொடச் சொன்னாள். தொட்டேன். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தனக்குத் தெரிகிறது என்றாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை. நான் வேலைக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டிருந்தேன். குழந்தை கூடத்தில் தூளியில் கிடந்தது. கொல்லையில் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்து பித்தளைச் சொம்பு நழுவித் துவைக்கிற கல்லில் விழுந்து உருண்டது.

தூளி துள்ளியது. அடுத்த நொடி ஒரு அலறல்.

அது எங்கள் வீட்டுக் குரல் என்று எனக்குப் பிடிபடவே சிறிது நேரமாயிற்று. எதிர்வீட்டுப் பிள்ளை என்றுதான் முதலில் நினைத்தேன். தொண்டையோடு நிற்கிற அழுகை இல்லை. நெஞ்சைப் பிளந்துகொண்டு வந்தது. தனபாக்கியம் தூளிக்குப் பக்கத்தில் நின்றாள். தூக்கவில்லை. இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

அக்கா ஈரக்கையோடு ஓடி வந்தாள். குழந்தை அழுது ஓய்ந்து விசும்பியது. அக்கா அதையே பார்த்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, விடுவிடுவென்று கொல்லைக்குப் போனாள். சொம்பை எடுத்துக் கல்லின்மேல் மறுபடி போட்டாள்.

மறுபடி தூளி துள்ளியது. மறுபடி அலறல்.

அக்கா திரும்பி வந்தாள். தூணைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். ஒரு வேலையும் செய்யாமல் அவள் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"தனம், பிள்ளை முழிச்சிக்கிட்டாடி" என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவள் வாயில் அந்தப் பழைய பெயர் வரவில்லை. இரண்டொரு முறை 'ம' வரை வந்து நாக்கைக் கடித்துக்கொண்டதுண்டு. மாத்திரையை நுணுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். மருந்து தீர இரண்டு வாரம் இருக்கும்போதே என்னை மருந்துக் கடைக்கு விரட்டுவாள்.

நான் கேட்ட மன்னிப்பு

அதன்பின் ஒவ்வொன்றாக வந்தது. நாக்கு உள்ளே போயிற்று. தலைமயிர் மெத்தென்றாயிற்று. ஐந்தாம் மாதக் கடைசியில் ஒரு நாள், வெயிலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது, தனபாக்கியத்தின் முகத்தைப் பார்த்துக் குழந்தை வாய் நிறையச் சிரித்தது. அன்று நான் வீட்டில் இல்லை. சாயங்காலம் வந்ததும் தெருவே எனக்குச் சொன்னது. அவள் சொல்லவில்லை. கேட்டதற்கு, "ஆமாங்க, பார்த்தேன்" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்று அவள் சாப்பிட உட்கார்ந்து எழுந்திருக்க வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் ஆனது. அக்காவும் நானும் இலையை எடுக்காமல் கூடவே உட்கார்ந்திருந்தோம்.

நான் சொன்ன அந்தப் பேச்சு எனக்குள் அறுத்துக்கொண்டே இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் யோசித்தாள். நான் காத்திருந்தேன். காத்திருக்க அப்போது பழகியிருந்தேன்.

"ரெண்டு நாள் வலிச்சுது. மூணாம் நாள் அதை நினைக்க நேரமில்லைங்க. பஸ் எங்க நிக்கும், என்ன கேட்கணும்னு யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள்.

மன்னித்தாளா என்று அந்தப் பதிலில் இருந்து எனக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கத் துணியவும் இல்லை.

பாலத்தின் மேல்

சுகுணா ஒன்றரை வயது தாண்டி நடந்தாள். பேச்சு தாமதமாகத்தான் வந்தது. அறுபதுகளின் தொடக்கத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது மற்றப் பிள்ளைகளைவிட ஒரு வயது கூட. கணக்கு அவளுக்குக் கடைசிவரை எதிரி. ஆனால் படித்தாள், எழுதினாள், சண்டை போட்டாள், பொய் சொல்லி மாட்டிக்கொண்டாள். இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். காலையில் காப்பிக்கு முன்னால் மாத்திரையை விழுங்கிவிடுவாள்.

இந்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்ததும் என் முன்னால் வந்து நின்றது இவை எதுவும் இல்லை. அவளுக்கு இரண்டு வயது நடந்தபோது ஒரு பஸ் பயணம்.

டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு மூவரும் ஸ்ரீரங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல கூட்டம். காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாகப் போனதால் பஸ் ஊர்ந்தது. பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு வண்டி புகை கக்கிக்கொண்டு போயிற்று. சுகுணா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தாள். கடைசிப் பெட்டியும் கண்ணிலிருந்து மறைந்ததும் அவளுக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது. ஆரம்பித்தாள்.

காலை உதைத்தாள். என் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டாள். பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒரு அம்மாள் கூடையிலிருந்து வாழைப்பழம் எடுத்து நீட்டினாள், அதையும் தட்டிவிட்டாள். பின்னாலிருந்து யாரோ, இப்படியா பிள்ளை வளர்ப்பது என்று முணுமுணுத்தார். டிக்கெட் கொடுத்துக்கொண்டு வந்த கண்டக்டர் கேட்டது எதுவும் பயணிகள் காதில் விழவில்லை.

"ஏம்மா, பிள்ளையைக் கொஞ்சம் அடக்குங்க" என்றார்.

தனபாக்கியம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பதிலுக்காகக் கண்டக்டர் நின்றார். பிறகு நேரமாகிறது என்று அடுத்த சீட்டுக்குப் போனார். அங்கே டிக்கெட் கிழித்து, சில்லறை கொடுத்து, அதற்கடுத்த சீட்டுக்கு நகரும்போதுதான் அவள் பதில் வந்தது. அவருக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

"அழட்டுங்க. எவ்வளவு நல்லா அழுவுது பாருங்க."

கன்னத்தில் கண்ணீர் இறங்க அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்கள் இந்தப் பெண்ணுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். கீழே காவிரியில் பாதி ஆற்றுக்குத் தண்ணீர், பாதி மணல். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, உதைக்கிற அந்தக் காலில் ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது. பாலம் முடிகிறவரை எங்கள் மகள் ஓயாமல் அழுதாள். நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே வந்தோம்.